மூடுபனிக்கு மாஸ்க் போடுவது

நீலகிரியில் கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் சமூகக் கல்யாணத்தைப் படம் எடுத்தால், பெண்கள் வெள்ளை முண்டும் வெள்ளைத் துண்டுமாக நிற்பார்கள். பெரியவர்களின் தலைப்பாகையும் வெள்ளை. பின்னால் பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவரும் மூடுபனியும் வெள்ளை. இந்தப் படத்தில் ஆட்களைப் பின்னணியிலிருந்து பிரித்து ஆல்பத்தில் வைக்கச் சொல்லும்போதுதான், போட்டோஷாப்பில் செலக்ஷன் (படத்தில் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுப்பது) என்பது என்ன என்று ஒருவருக்கு உண்மையில் புரிய ஆரம்பிக்கிறது.

ஒரே மாதிரி நிறத்தைச் சேர்த்துத் தேர்வு செய்யும் மேஜிக் வாண்டை எடுத்துப் பனியின் மேல் ஒரு கிளிக் செய்தால் தோளும் தலைப்பாகையும் சேர்ந்தே போய்விடும். அதன் டாலரன்ஸ் (எவ்வளவு வித்தியாசம் வரை ஒன்றாக எடுத்துக்கொள்ளும் என்ற அளவு) வழக்கமாக 32-இல் இருக்கும். 0 (கறுப்பு) முதல் 255 (வெள்ளை) வரையான அளவில் துணி 235, பனி 225 என்று இருந்தால் இடைவெளி வெறும் 10தான். கருவிக்கு இரண்டும் ஒன்றே. சரி, 8-க்குக் குறைப்போம் என்றால் பனியே திட்டுத் திட்டாக உடைந்து வரும். வாட்ஸ்அப் வழியாக வந்த படம் என்றால் இன்னும் மோசம். ஜேபெக் சுருக்கம் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் வேலை செய்கிறது. அந்தக் கட்டங்களின் ஓரங்கள் செலக்ஷனில் படிக்கட்டு மாதிரி தெரியும். அதனால் முதலில் கேட்க வேண்டியது கேமராவிலிருந்து வந்த ஒரிஜினல் ஃபைலைத்தான்.

வெள்ளைக்குள் வெள்ளையைப் பிரிக்க உதவும் எளிய வழி ஒன்று உண்டு. படத்துக்கு மேலே ஒரு கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (வெளிச்சத்தை மாற்றும் தனி அடுக்கு) போட்டு, வெளிச்சப் பகுதியை மட்டும் கீழே இழுத்துப் படத்தை அசிங்கமாக இருட்டாக்க வேண்டும். அதுவரை தெரியாமல் இருந்த துண்டின் மடிப்பும் தோளின் ஓரமும் பளிச்சென்று எழுந்து வரும். பிரஷ் மாதிரி இழுத்துத் தேர்வு செய்யும் குயிக் செலக்ஷனில் ‘சாம்பிள் ஆல் லேயர்ஸ்’ டிக் செய்தால் கருவியும் அந்த இருட்டுப் படத்தையே பார்த்து வேலை செய்யும். செலக்ஷன் முடிந்ததும் ஒரிஜினல் லேயரில் மாஸ்க்காக (வெள்ளை இருக்கும் இடம் தெரியும், கறுப்பு இருக்கும் இடம் மறையும்) மாற்றிவிட்டு கர்வ்ஸை அழித்துவிடலாம். அதற்கும் பிடிபடாத ஓரத்துக்கு, புள்ளி வைத்துக் கோடு வரையும் பென் டூல்தான் கதி. 200 சதவீதம் பெரிதாக்கி, ஓரத்துக்கு ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே போக வேண்டும். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் புள்ளி வைத்தால் போதும். புதிதாகக் கற்பவர்கள் விரல் அகலத்துக்கு ஒரு புள்ளி வைப்பார்கள்; தோள் முழுக்க மேடு பள்ளமாகிவிடும்.

இனி பனி. செலக்ஷன் போட்டதும் அதன் ஓரத்தில் எறும்பு வரிசை மாதிரி ஓடும் எறும்புக் கோடு நம்மை ஏமாற்றும். செலக்ஷன் என்பது உள்ளே, வெளியே என்ற இரண்டே நிலை கொண்டது என்று அந்தக் கோடு நினைக்க வைக்கிறது. உள்ளுக்குள் அது 0 முதல் 255 வரை சாயல்கள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். எறும்புக் கோடு அதில் 50 சதவீதம் இருக்கும் இடத்தில் மட்டும் வரையப்படுகிறது. 50-க்குக் கீழே தேர்வான பகுதி இருந்தும் கோடு காட்டாது. எல்லாமே 50-க்குக் கீழ் என்றால் ஒரு எச்சரிக்கை மட்டும் வரும், எறும்பே வராது. ஆனால் செலக்ஷன் இருக்கும், வேலையும் செய்யும். சமவெளியில் வெயிலில் எடுத்த படத்தில் இதனால் பெரிய சிக்கல் இல்லை. நீலகிரிப் படத்தில் முக்கியமான பகுதி பெரும்பாலும் அந்த 50-க்குக் கீழேதான் கிடக்கிறது. தொட்டபெட்டாச் சரிவில் பனிக்குள் பாதி கரைந்த மரத்தை 100 சதவீதமாக வெட்டி நீல வானத்தின் மேல் வைத்தால், சாம்பல் அட்டையில் கத்தரித்து ஒட்டியது போல நிற்கும். மரத்தோடு கலந்திருந்த பனியும் சேர்ந்து வந்துவிட்டதே காரணம். அங்கே மாஸ்க் அடிமரத்தில் வெள்ளை, மேலே போகப் போகச் சாம்பல் என்று இறங்கியாக வேண்டும். ஓரம் மழுங்கிய பிரஷ், ஃப்ளோ (ஒரு தடவலில் படியும் அளவு) 10 சதவீதம், பல தடவை மெதுவாகத் தடவுவதுதான் இதற்கு வழி. செய்யும்போது கியூ அழுத்தி, தேர்வாகாத பகுதியைச் சிவப்பாகக் காட்டும் குயிக் மாஸ்க்கிலோ, ஆல்ட் பிடித்து மாஸ்க்கைக் கிளிக் செய்தோ பார்க்க வேண்டும். எறும்பை நம்பக் கூடாது.

இலைக்கும் தொலைமலைக்கும் சானல்தான் (படத்தின் சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் கறுப்பு வெள்ளைப் படம்) கைகொடுக்கும். இரண்டுக்கும் வேறு வேறு சானல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிட்ட நிற்கும் யூகலிப்டஸ் கிளை வெள்ளை வானத்தின் முன் இருந்தால் நீல சானலைப் பார்க்க வேண்டும். பச்சை இலை அதில் கறுத்துப்போகும், வானம் வெளுத்து நிற்கும். அதை டூப்ளிகேட் செய்து, லெவல்ஸில் கறுப்பையும் வெள்ளையையும் நெருக்கி, கண்ட்ரோல் பிடித்துச் சானலைக் கிளிக் செய்தால் வானம் தேர்வாகிவிடும். ஒவ்வொரு இலையையும் கையால் சுற்ற வேண்டியதில்லை. எட்டத்தில் அடுக்கடுக்காகத் தெரியும் மலைக்கு இது தலைகீழ். தொலைவில் காற்றிலுள்ள நுண்துகள்கள் நீல ஒளியையே அதிகம் சிதறடிப்பதால், நீல சானலில் மலையும் மேக வானமும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும்; சிவப்பு சானலில் மலை கறுப்பாகப் பிரிந்து நிற்கும். இந்த மலைக்கு நீலகிரி என்ற பெயர் பொருந்துவதற்கும் நம் செலக்ஷன் கெட்டுப்போவதற்கும் காரணம் அதே ஒளிதான். மூடுபனியின் நீர்த்துளிகளோ இதைவிட மிகப் பெரியவை. எல்லா வண்ணத்தையும் ஒரே மாதிரி சிதறடிப்பதால் பனி வெள்ளையாகவே இருக்கும். அதற்கு எந்தச் சானலும் உதவாது, பிரஷ்தான்.

தேயிலைத் தோட்டத்தில் நிற்க வைத்து எடுத்த படத்தில் வெள்ளைத் துணியின் கீழ்ப்பகுதியில் பச்சை படிந்திருக்கும். ஓரத்தில் மட்டும் இருந்தால், செலக்ஷனின் ஓரத்தைச் சீராக்கும் செலக்ட் அண்ட் மாஸ்க்கில் ‘டிகான்டாமினேட் கலர்ஸ்’ எடுத்துவிடும். அது பிக்சலின் நிறத்தையே மாற்றுகிறது என்பதால் முடிவைப் புதிய லேயராகத்தான் கொடுக்கும். துணியின் நடுவில் படிந்த பச்சையை அது தொடாது. அதற்குத் தனியாக, நிறத்தை மாற்றும் ஹியூ சாச்சுரேஷன் போட வேண்டும்.

குன்னூர் மலையேற்றத்தில் மலை ரயிலின் நீராவி எஞ்சின் விடும் புகையை செலக்ட் செய்ய முயல்வதே வீண். லேயர் ஸ்டைலில், வெளிச்ச அளவைப் பார்த்துப் பிக்சலை மறைக்கும் ‘பிளெண்ட் இஃப்’ ஸ்லைடரை ஆல்ட் பிடித்து இரண்டாகப் பிரித்தால், பின்னாலுள்ள இருட்டுக் காடு மறைந்து புகை தானாக நிற்கும்.

தோடர் பூவேலைப் போர்வைகளை விற்பனைக்காக வெள்ளைப் பின்னணியில் காட்டச் சொல்வார்கள். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற கைவேலை அது. நூலை எண்ணி எண்ணிப் போட்ட சிவப்பும் கறுப்பும். அதன் நூல் குஞ்சங்களை ஃபெதர் போட்டு மழுக்குவதைப் பார்த்தால் மனசு வலிக்கும். குஞ்சத்தைப் பென் டூலில் வெட்டாமல் சானலில் எடுங்கள். மடிப்பின் கீழுள்ள நிழலைத் தனி லேயரில், கீழுள்ளதை இருட்டாக்கும் மல்டிப்ளையாக வையுங்கள். இல்லாவிட்டால் போர்வை அந்தரத்தில் மிதக்கும். சிவப்பு நூலின் நிறத்தை மட்டும் சரிசெய்ய, நிறத்தை வைத்துத் தேர்வு செய்யும் கலர் ரேஞ்ச் போதும்.

ஃபெதருக்கு அளவு பிக்சலில்தான் என்பதும் அடிக்கடி மறக்கப்படுகிறது. 3.5×4.5 செ.மீ. பாஸ்போர்ட் படம் 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 413×531 பிக்சல். அதில் 2 பிக்சல் ஃபெதர் முடியைத் தின்றுவிடும். அதே 2 பிக்சல் 6000×4000 ஒரிஜினலில் கண்ணுக்கே தெரியாது. ஆகவே ஒரிஜினல் அளவில் வெட்டிவிட்டுக் கடைசியில் சுருக்குங்கள்.

படத்தின் முக்கிய ஆளையோ பொருளையோ தானாகத் தேர்வு செய்யும் ‘செலக்ட் சப்ஜெக்ட்’ 2018-இல் வந்த பிறகு தெளிவான படத்தில் முக்கால் வேலை ஒரே கிளிக்கில் முடிகிறது, அதைப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் பனியில் அது துணிந்து ஒரு கோடு போட்டுவிடும். செடிகளுக்குள் இடுப்புவரை நிற்பவர்களின் முதுகுப் பையை விட்டுவிடும். வெட்டியதைச் சரிபார்க்க கீழே ஒரு முறை முழுக் கறுப்பு, ஒரு முறை முழு வெள்ளை, ஒரு முறை நடுச்சாம்பல் லேயர் வையுங்கள். ஸ்கிரீனில் தப்பித்த வெளிறிய ஓரம் 12×36 அங்குல ஆல்பத் தாளில் நூல் கட்டியது மாதிரி தெரியும்.

மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பாதி செலக்ஷனிலேயே ‘சேவ் செலக்ஷன்’ கொடுத்து ஆல்ஃபா சானலாக்கி (தேர்வை ஃபைலுக்குள் வைத்திருக்கும் கூடுதல் சானல்), ஃபைலை பிஎஸ்டி அல்லது டிஃப்பாகச் சேமித்துக்கொண்டே வர வேண்டும். ஜேபெக்கில் அந்தச் சானல் தங்காது.