அயோடின்-131 கேப்சூலுக்காக வேலூருக்கு அலைந்தது

அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய். ஆபரேஷன், பயாப்சி எல்லாம் வேலூரில் சுமுகமாக முடிந்தன. மிச்சமிருக்கும் தைராய்டு செல்களை அழிக்க, கதிர் வீசும் அயோடின்-131 கேப்சூல் என்றார்கள். மாட்டிக்கொண்டது அங்கேதான்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்பு வயிற்றுவலிக்காக கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் அயோடின் மருந்து) போட்டு சி.டி. ஸ்கேன் எடுத்திருந்தோம். தேதி வாங்கும்போதே கவுன்டரில் இதைச் சொன்னேன். "அது ஸ்கேனுக்குப் போடற மருந்து சார், இது வேற. தேதிக்கு வந்துடுங்க." ஃபைலைத் திறக்கக்கூட இல்லை. சரியென்று, கேப்சூலுக்கு முன் நிறுத்தச் சொல்லியிருந்த தைராய்டு மாத்திரையை நிறுத்தினோம். முகமெல்லாம் வீங்கி, வேலூர் வெயிலிலும் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள் அக்கா. இவ்வளவும் பட்டு அட்மிஷனுக்குப் போனால், டாக்டர் சி.டி. ரிப்போர்ட்டைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டார். "இன்னிக்குக் குடுக்க முடியாதும்மா."

காரணம் நாம் பள்ளியில் படித்ததுதான். சாதா அயோடினில் 53 புரோட்டான், 74 நியூட்ரான். அயோடின்-131இல் புரோட்டான் அதே 53, நியூட்ரான் மட்டும் 78. அணுக்கரு நிலையில்லாமல் கதிர் வீசுகிறது. ஆனால் எலக்ட்ரான் கணக்கு மாறாததால் வேதிக் குணமும் மாறாது. இரண்டுமே ஓர் எலக்ட்ரானைக் கூடுதலாக வாங்கி, அயோடைடு அயனியாகத்தான் தைராய்டு செல்லுக்குள் நுழையும். எது எந்த ஐசோடோப்பு என்று செல்லுக்குத் தெரியாது. கான்ட்ராஸ்ட் மருந்தில் வந்த சாதா அயோடின் முதலிலேயே துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டால், 131க்கு இடமில்லை. சிறுநீரோடு வெளியே போய்விடும். அதனால் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் இடைவெளி விடுகிறார்கள். வரவழைத்த கேப்சூலை அதுவரை எடுத்து வைக்கவும் முடியாது, எட்டு நாளில் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். மறுபடி மாத்திரை, மறுபடி நிறுத்தல், மறுபடி போர்வை. கான்ட்ராஸ்ட் எடுத்திருந்தால் கவுன்டரில் கேட்காதீர்கள், டாக்டரிடமே கேளுங்கள். சந்தேகமிருந்தால் சிறுநீரில் அயோடின் அளவு பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது.

அடுத்த தலைவலி உப்பு. கேப்சூலுக்கு முன் அயோடின் குறைந்த சாப்பாடு: கடல்மீன், பால், முட்டை மஞ்சள்கரு கூடாது. அயோடின் சேர்க்காத உப்பைச் சமையலுக்கு விற்க 2006 முதல் தடை, அதனால் எந்தக் கடையிலும் கையை விரித்தார்கள். கல் உப்பு பாக்கெட்டிலும் பொடி எழுத்தில் "அயோடின் கலந்தது". கடைசியில் லாங்கு பஜாரில் ஒரு கடைக்காரர், டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்து ஒரு பாக்கெட் எடுத்து வந்தார். அன்றைக்கு எனக்கு அது தங்கம்.

கேப்சூல் விழுங்கியது, தனி அறையில் இருந்தது எல்லாம் ஒன்றுமே இல்லை. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், கழிவறையில் இரண்டு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். அயோடின்-131 வீசும் இரண்டு வகைக் கதிரில், பீட்டா கதிர் உடம்புக்குள் ஓரிரு மில்லிமீட்டரில் நின்றுவிடும். வெளியே வந்து பக்கத்தில் இருப்பவர் மேல் படுவது காமா கதிர். அதனால் குடியாத்தம் பஸ்ஸில் ஏற்றாமல் கார் பிடித்து, டிரைவருக்கு எதிர்மூலையில் பின்சீட்டில் உட்காரவைத்தோம். அக்கா பையன் சின்னவன், பார்த்ததும் மடியில் ஏறிவிடுவான் என்று முன்கூட்டியே ஆம்பூரில் பாட்டி வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இதையும் யாரும் தானாகச் சொல்லவில்லை, நாங்கள் கேட்டபிறகுதான் சொன்னார்கள்.