கவர்னருக்கும் ஓட்டா?

நியூஜெர்சியில் நாமே இறங்கி பெட்ரோல் போடக் கூடாது. 1949-லிருந்து சட்டம் அப்படி. நம்மூர் பங்க் மாதிரி ஆள் வந்துதான் போடுவார். டிரெண்டனில் டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் நுழைந்துவிட்டால் ஒருவரும் வர மாட்டார்கள், குழாயை நாமே பிடிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்திருந்த அப்பா இதை காருக்குள் இருந்தபடியே கவனித்துவிட்டு, "ஏண்டா, ஒரு பாலம் தாண்டுனதுக்கு வேற நாடு வந்துருச்சா?" என்றார்.

சிரித்துவிட்டேன், ஆனால் அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அண்ணா காலத்து ஆள். மத்திய-மாநில உறவை ஆராய்ந்த ராஜமன்னார் குழுவின் அறிக்கை, 1974-ல் சட்டமன்றத்தில் நிறைவேறிய மாநில சுயாட்சித் தீர்மானம் எல்லாம் எங்கள் வீட்டில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் வந்து போகிற பேச்சு. லைசென்ஸ்கூட மாநிலம் மாறிக் குடிபோனால் புதிதாக வாங்க வேண்டும் என்றேன். திருச்சியில் வாங்கிய லைசென்ஸை வைத்துக்கொண்டு காஷ்மீர் வரை ஓட்டலாமே என்று யோசித்தவர், அப்புறம் வழியெல்லாம் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதிய மண்டபத்துக்குக் கூட்டிப் போனேன். 1787 கோடையில், பேசுவது வெளியே கேட்கக் கூடாதென்று ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அந்த வெக்கையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். ஜனத்தொகைப்படிதான் இடம் என்று பெரிய மாநிலங்கள் சொல்ல, அதெல்லாம் ஆகாது, எல்லாருக்கும் சமமாக வேண்டும் என்று மல்லுக்கு நின்றது எங்கள் நியூஜெர்சி (பாருங்கள், 'எங்கள்' என்று தானாக வருகிறது). கடைசியில் ஒரு சபையில் ஜனத்தொகைப்படி, செனட்டில் ஆளுக்கு இரண்டு என்று முடிந்தது. அதனால்தான் நாலு கோடியைத் தொடுகிற கலிஃபோர்னியாவுக்கும், ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் அதே இரண்டு செனட்டர். "ராஜ்யசபால நமக்கு 18, உ.பி.க்கு 31" என்றார் அப்பா, பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆனால் அவரை ஆட்டிவைத்தது அந்த அரசியல் சட்டத்தின் பத்தாவது திருத்தம். மத்திய அரசுக்கென்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கு, இல்லாவிட்டால் மக்களுக்கு. நம்மிடம் தலைகீழ், எஞ்சிய அதிகாரம் முழுக்க டெல்லிக்கு. இங்கே 13 மாநிலங்கள் முதலில் இருந்தன, அவை சேர்ந்துதான் மத்திய அரசை உண்டாக்கின, அதனால் கொடுத்தது போக மீதி தங்களுக்கு என்று பிடித்துக்கொண்டன. இதே மாநில உரிமையைக் காட்டித்தான் அடிமை முறையையும் கட்டிக் காத்தார்கள் என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார்.

"சரி, இங்க கவர்னரை யாரு போடுறா?"

"ஓட்டுப் போட்டுத்தாம்ப்பா."

"கவர்னருக்கு ஓட்டா!"

ஆமாம், இங்கே கவர்னர்தான் நம்ம முதலமைச்சர் மாதிரி. ஜனாதிபதிக்கு அவரை எவ்வளவு பிடிக்காவிட்டாலும் வாஷிங்டனிலிருந்து கலைக்க முடியாது. ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு என்று அண்ணா கேட்டதை மந்திரம் மாதிரி சொல்லி வளர்ந்த மனுஷர் இதை எப்படி ஜீரணிப்பார்? நம்மூரில் தி.மு.க. ஆட்சியை 1976-ல் ஒரு தடவை, 1991-ல் ஒரு தடவை டெல்லியிலிருந்து கலைத்தார்கள். இரண்டாவது தடவை நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன், அப்பா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ரேடியோ பக்கத்திலேயே நின்றது நன்றாக நினைவிருக்கிறது. அன்றைக்குக் கவர்னராக இருந்த பர்னாலா, கலைக்கச் சொல்லி அறிக்கை தர மறுத்தார். அறிக்கை இல்லாமலே கலைத்தார்கள். அவரை பிகாருக்கு மாற்ற, அவர் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். எங்கள் வீட்டில் மரியாதையோடு பேர் சொல்லப்பட்ட ஒரே கவர்னர் அவர்தான்.

அப்பா ஊருக்குத் திரும்பிய பிறகு எனக்குக் குடியுரிமை நேர்காணல் வந்தது. மாநில அரசின் அதிகாரம் ஒன்று சொல் என்பது தேர்வுக்கான கேள்விப் பட்டியலிலேயே இருந்தது, டிரைவிங் லைசென்ஸ் கொடுப்பதும் அதற்குச் சரியான விடைகளில் ஒன்று. உங்கள் மாநில கவர்னர் யார் என்ற கேள்வியும் உண்டு. அதிகாரி அதைக் கேட்டபோது பதில் சரியாகத்தான் சொன்னேன், ஆனால் மனசுக்குள் முதலில் வந்து நின்றது கிண்டி ராஜ்பவனும் அங்கே மேய்கிற மான்களும்தான்.

இப்போது நான் அமெரிக்கக் குடிமகன், இந்த ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். முதல் ஓட்டுப் போட்ட செவ்வாய்க்கிழமை, சீட்டைப் பார்த்தால் ஷெரிப்புக்குத் தேர்தல், கவுண்டி கிளார்க்குக்குத் தேர்தல், பள்ளிக்கூட போர்டுக்குத் தேர்தல், உயில் விவகாரம் பார்க்கிறவருக்குக்கூடத் தேர்தல். போட்டுவிட்டு வெளியே வந்து விரலைப் பார்த்தால் மை இல்லை, ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லை.

ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டு அந்தப் பட்டியலை வாசித்தேன். மைக் செட் உண்டா, சுவர் விளம்பரம் உண்டா என்று விசாரித்தார். வீட்டு வாசல் புல்தரையில் சின்னச் சின்ன அட்டை நட்டு வைப்பார்கள், அவ்வளவுதான் என்றேன்.

"இவ்வளவு அதிகாரத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒரு ஊர்வலம்கூட இல்லையாடா?" என்றார்.