கண், கழுத்து, கடைசியில்தான் முடி: என் மகளின் தீக்காய ஆபரேஷன்கள்

முகத்திலும் தலையிலும் தீக்காயம் பட்ட பிள்ளைக்கு இனி ஆபரேஷன் செய்து சரிபண்ணலாம் என்று டாக்டர் சொன்னதும், நம் மனசு நேராக முடிக்கும் முகத்துக்கும்தான் போகும். டாக்டர்கள் பார்க்கும் வரிசையே வேறு. அது ஏன் அப்படி என்று யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் எத்தனையோ ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயதில், கார்த்திகை விளக்கிலிருந்து நைலான் பாவாடையில் தீப்பிடித்து மேலே ஏறிவிட்டது. இடது பக்கம் கழுத்து, கன்னம், காது, தலையில் உள்ளங்கை அகலத்துக்கும் மேல். கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காய வார்டில் அவளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுத்து ஒட்டினார்கள். எரிந்த இடத்தைவிட தோல் எடுத்த தொடைதான் வலிக்குது என்று அழுவாள். அது எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்பட வேண்டாம்.

ஒட்டிய மெல்லிய தோல் ஆற ஆறச் சுருங்கும். அவளுக்குக் கீழ் இமையை அப்படியே கீழே இழுத்துவிட்டது, தூங்கும்போதுகூட கண் மூடாது. கருவிழி காய்ந்து புண்ணானால் பார்வையே போகலாம் என்பதால் இதற்கு மட்டும் தழும்பு முதிரும்வரை காத்திருக்கவில்லை. நல்ல காதின் பின்பக்கத்திலிருந்து முழுக் கனத்தோடு தோல் எடுத்து இமையில் வைத்தார்கள், இந்த வகைத் தோல் அவ்வளவாகச் சுருங்காதாம். அடுத்தது கழுத்து. தாடை நெஞ்சோடு ஒட்டியதுபோல இழுத்திருந்தது, நிமிர முடியாது. கழுத்து நிமிராவிட்டால் மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாயில் டியூப் போடுவதே சிரமம், அதனால் மற்ற எந்த ஆபரேஷனுக்கும் முன்னால் இதை விடுவித்தாக வேண்டும் என்று அனஸ்தீஷியா டாக்டர் உட்கார வைத்து விளக்கினார்.

அப்புறம் காத்திருப்பு. தழும்பு சிவந்து தடித்து இருக்கும்வரை தலையைத் தொட மாட்டார்கள், வருஷக்கணக்கில்கூட ஆகும். அந்தக் காலம் சும்மா போகிறது என்று நினைக்காதீர்கள். சிலிகான் ஷீட், இறுக்கமான முகமூடி, தினமும் எண்ணெய் தடவி அழுத்தித் தேய்ப்பது, வெயில் படாமல் பார்ப்பது எல்லாம் அப்போதுதான். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, தடவாவிட்டால் வெடிக்கும். அரிப்பு தாங்காமல் ராத்திரி சொறிவாள், நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.

முடிக்கு வருகிறேன். தழும்பில் முடி முளைக்காது, எந்த எண்ணெய்க்கும் முளைக்காது, தயவுசெய்து அதில் காசைக் கொட்டாதீர்கள். முடி இருக்கும் தோலுக்கு அடியில் ‘எக்ஸ்பேண்டர்’ என்ற சிலிகான் பையை வைத்துத் தைத்துவிடுவார்கள். அதோடு சேர்ந்த சின்ன பொத்தான் மாதிரி ஒன்று தோலுக்குள்ளேயே இருக்கும், வாரம் ஒரு தடவை அதில் ஊசி போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக சலைன் ஏற்றுவார்கள். தோல் வெளுத்து இறுகினால் அன்றைக்கு நிறுத்திவிடுவார்கள். இப்படி இரண்டு மூன்று மாதம். பை பெருத்தபின் இன்னொரு ஆபரேஷன்: பையை எடுத்து, தழும்பை வெட்டி, விரிந்த தோலை அந்த இடத்துக்கு இழுத்து மூடுவார்கள். புது முடி எதுவும் உருவாவதில்லை, இருந்த முடியே பரவி நிற்கிறது. கொஞ்சம் அடர்த்தி குறையும், பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அந்த மாதங்கள்தான் எங்களுக்கு மிகக் கஷ்டமானவை. சரியாவதற்கு முன்னால் பிள்ளை இன்னும் விகாரமாகத் தெரிவாள், மண்டையில் ஒரு பக்கம் பெரிய புடைப்பு. பஸ்ஸில் ஒரு அம்மா "மூளையில கட்டியா?" என்று அவள் காதுபடவே கேட்டார். என் மகளே, "இல்ல ஆன்ட்டி, முடிக்காக பலூன்" என்றாள். சலைன் ஏற்றிய அன்று தலை விண்விண் என்று தெறிக்கும், மறுநாள் குறைந்துவிடும். அந்தப் பக்கமாகப் படுக்க விடாதீர்கள், அடிபடாமல் பாருங்கள். புடைப்பு சிவந்து சூடானாலோ, நீர் கசிந்தாலோ, தோல் மெலிந்து பை பளபளவென்று தெரிந்தாலோ அடுத்த வாரம்வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஓடுங்கள். தொற்று வந்தால் பையையே எடுத்துவிட வேண்டியிருக்கும்.

செலவு பற்றி: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. வருமானச் சான்று, குடும்ப அட்டை எல்லாம் கைவசம் இருக்கட்டும், உங்கள் பிள்ளையின் ஆபரேஷன் அதில் வருமா என்று அட்மிஷனுக்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் கேளுங்கள்.

இப்போது மகள் இரட்டைச் சடை போடுகிறாள். காது பாக்கி இருக்கிறது. விலா குருத்தெலும்பில் செய்ய வேண்டும், அது போதிய அளவு வளரட்டும் என்று டாக்டர் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார். அவள் வளர வளர முகம் வளரும், தழும்பு அந்த அளவுக்கு வளராது, அதனால் கழுத்தில் மறுபடியும் கை வைக்க வேண்டி வரலாம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார். காது வேண்டுமா என்று அவளிடமே கேட்டோம். "கண்ணாடி போட்டா நிக்கணும்ல, வேணும்" என்கிறாள்.