மாமாவின் முகத்துக்காக ஒரு மென்பொருள் தேடினேன்

திருகோணமலை உப்புவெளிக் கரையில் விடியக்காலை கரைவலை இழுக்கிற நேரம் கமராவோடு நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி நேரே லென்சுக்குள் வந்து நிற்கும், கயிறு பிடித்திருக்கும் ஆட்கள் எல்லாம் கரிக்கட்டையாகி விடுவார்கள். மாமாவையும் அப்படித்தான் எடுத்துக் காட்டினேன். "எங்கடா என்ட முகம்?" என்று கேட்டார். அதுவரை ஜேபெக்கில், அதாவது கமராவே திருத்திச் சுருக்கித் தரும் படமாக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தேன். அடுத்த கிழமையே ரோவுக்கு, கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலுக்கு, மாறினேன்.

முதல் நாளே ஏமாற்றம். கமராவின் திரையில் பளிச்சென்று இருந்த படம் லாப்டொப்பில் திறந்ததும் நிறம் செத்துக் கிடந்தது. திரையில் நாம் பார்ப்பது ரோ இல்லை, ரோ ஃபைலுக்குள் கமராவே செய்து வைக்கும் ஒரு ஜேபெக் என்று பிறகுதான் விளங்கியது. என் நிக்கோன் டி7200 பதிவது 14 பிட், அதாவது 16,384 வெளிச்சப் படிகள், ஜேபெக்கில் வெறும் 256. மாமாவின் முகம் அந்த மிச்சப் படிகளுக்குள்தான் ஒளிந்திருந்தது.

ரோவைத் திருத்தும் மென்பொருளைத் தெரிவு செய்ய நான் செய்தது ஒன்றுதான், ஒரே கரைவலைப் படத்தை லைட்ரூம், ரோதெரப்பி, டார்க்டேபிள் மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். லைட்ரூம் பழக லேசு, அதை மறுக்கவே மாட்டேன், ஆனால் மாதாமாதம் டொலரில் கட்ட வேண்டும், 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360க்குப் போனதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தத் துணிவு வரவில்லை. ரோதெரப்பி இலவசம், கூர்மையாக்குவதில் நல்ல கெட்டி, ஆனால் முகத்தை மட்டும் தனியாகத் தொட எனக்குக் கை வரவில்லை. டார்க்டேபிளும் இலவசம்தான், ஆனால் முதல் இரண்டு கிழமை என்னை அழவைத்தது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு கருவி என்று அவ்வளவு மொடியூல்கள்.

ஆனாலும் டார்க்டேபிளிலேயே நின்று, அப்புறம் நாலைந்து மொடியூல்களை மட்டும் வைத்துக்கொண்டேன். படம் எடுக்கும்போதே சூரியனைச் சுற்றி வெளிறாதபடி இருட்டாக எடுத்துவிடுவேன், பிறகு எக்ஸ்போஷரை, அதாவது மொத்த வெளிச்சத்தை, இரண்டு ஸ்டொப் வரை ஏற்றுவேன் (ஒரு ஸ்டொப் என்றால் இரண்டு மடங்கு), சிக்மொய்ட் மொடியூல் வானம் வெளிறாமல் பிடித்துக்கொள்ளும். முகத்தைச் சுற்றி ஒரு மாஸ்க் வரைந்து அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்றுவேன். இருட்டை இழுத்தால் புள்ளி புள்ளியாக நொய்ஸ் வரும், அதற்குக் கமராவையும் படம் எடுத்த ஐஎஸ்ஓவையும் (கமராவின் ஒளியுணர்வு அளவு) பார்த்துத் தானே அளவு போடும் மொடியூல் ஒன்று இருக்கிறது, என் 8 ஜிபி லாப்டொப் அதில் திணறுவதால் அதைக் கடைசியில்தான் போடுவேன்.

மென்பொருளை விட வேலை ஒழுங்குதான் எனக்குப் பெரிய பாடம் படிப்பித்தது. டார்க்டேபிள் ரோ ஃபைலைத் தொடுவதே இல்லை, நாம் செய்த திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு எக்ஸ்எம்பி ஃபைலில் எழுதி வைக்கும். இது தெரியாமல் மூன்று நாள் வேலை முடித்த ஒரு ஃபோல்டரில் ரோ ஃபைல்களுக்கு மட்டும் வெளியிலிருந்து பெயர் மாற்றிவிட்டேன். திறந்தால் படம் இருந்த இடமெல்லாம் மண்டையோட்டுச் சின்னம்! திருத்தங்கள் பழைய பெயர்களோடு அநாதையாகக் கிடந்தன. ஒவ்வொன்றாகப் பொருத்திப் பெயர் திருத்த ஒரு முழு இரவு போனது.

இப்போது கார்டிலிருந்து இறக்கும்போதே திகதியும் இடமும் போட்டுப் பெயர் வைத்துவிடுகிறேன், அதற்குப் பிறகு கை வைப்பதில்லை. ஒரு காலைக்கு 400 படம் என்றால் கிட்டத்தட்ட 12 ஜிபி, அது முழுவதும் வெளி ஹார்ட் டிஸ்க்குக்கும் போன பிறகுதான் கார்டை ஃபோர்மட் பண்ணுவேன். பிறகு ஆர் விசையால் வேண்டாததைத் தள்ளி, மிஞ்சியதற்கு நட்சத்திரம் போட்டால் 400 முப்பதாகும். அந்த முப்பதில்தான் நேரம் செலவழிக்கிறேன்.

மாமாவின் படத்தை எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில் எக்ஸ்போர்ட் செய்து டவுனில் பிரின்ட் போட்டேன். முதல் பிரின்ட் இருட்டாக வந்தது, பிழை என்னுடையது, திரை வெளிச்சத்தை உச்சத்தில் வைத்துத் திருத்தியிருந்தேன். பாதிக்குக் குறைத்துத் திரும்பச் செய்தேன்.

மாமா அதை வாசலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். தன் முகத்தைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். பிறகு, பின்னால் கயிறு பிடித்து நின்றவர்களை விரல் வைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லத் தொடங்கினார்.