தோளில் வைத்த கை

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு பிளெக்ஸ் அச்சகத்தில் வடிவமைப்பாளராக வேலை பார்க்கிறேன். பெரிய நடிகரின் படம் வெளியாகும் வாரத்தில் மன்றத்துக்காரர்கள் தங்கள் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, நேரிலும் வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். தலைவரின் கை தங்கள் தோளில் இருப்பதுபோல் அமைத்துத் தரும்படி கேட்பவர்கள் அவர்களில் பலர். வேறொரு படத்திலிருந்து கையை வெட்டியெடுத்து, தோல் நிறத்தைச் சரிசெய்து, சட்டையின் மீது அதன் நிழலையும் விழவைக்க வேண்டும். நிழல் பொருந்தியதும் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த பேச்சு நின்றுவிடும். தாமே சொல்லிச் செய்வித்த படம் என்று தெரிந்திருந்தும் கண்கலங்கியவர்கள் உண்டு.

திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவருக்கு உண்டாகும் இந்த ஒருதலை நெருக்கத்தைப் பற்றி டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1956இலேயே எழுதினார்கள். அந்த உறவின் கடிவாளம் தோன்றுபவர் கையில்தான் இருக்கிறது என்பது அவர்கள் கருத்து. 2011இல் அஜித்குமார் தம் ரசிகர் மன்றங்களைக் கலைத்தபோது அதைக் கண்ணெதிரே கண்டேன். அப்போது நான் வேலைக்கு வந்த புதிது. "அவர் கலைத்தது மன்றத்தைத்தானே தம்பி, எங்களை இல்லையே" என்று சொல்லி, வாடிக்கையாளர் ஒருவர் மன்றத்தின் பெயரை மட்டும் நீக்கச் சொன்னார்.

இப்போது கொரியப் பாடகர்களின் படங்களைக் கையடக்க அட்டைகளாக அச்சிடக் கல்லூரி மாணவிகள் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் 'பபிள்' என்ற கட்டணச் செயலியைக் காட்டினார். பாடகர் எழுதும் ஒரே செய்தி எல்லாச் சந்தாதாரர்களுக்கும் தனிக் கடிதம்போல் போய்ச் சேருகிறது. அவர் ஒரு குறியீட்டை இட்டால், அந்த இடத்தில் அவரவர் பெயர் வந்து அமர்கிறது. நான் தோளில் கை வைக்கும் வேலையை அங்கே செயலி செய்கிறது. "எல்லாருக்கும் போறதுன்னு தெரியும் அண்ணா, ஆனா படிக்கும்போது எனக்கு வந்ததுதான்" என்றார் அவர்.

இவர்களைப் பைத்தியங்கள் என்று யாரேனும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. ஏமாந்து அன்பு செலுத்துகிறவர்களாக இவர்கள் எனக்குத் தோன்றவில்லை. கடன் வாங்கி வருபவரிடம் அளவைக் குறைத்துக்கொள்ளும்படி மன்றாடியிருக்கிறேன். அந்தக் கவலை எனக்கு இன்றும் உண்டு. ஆனால், எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் தந்தைக்கு அரசு ராசாசி மருத்துவமனையில் அவசரமாக இரத்தம் தேவைப்பட்டபோது முதலில் ஓடியவர்கள், அவருடைய பிளெக்ஸின் கீழ்வரிசையில் தபால்தலை அளவில் நான் ஒட்டிய அதே முகங்கள்தாம். தலைவருக்கு இவர்களில் ஒருவரையும் தெரியாது; இவர்களுக்கோ ஒருவர் வீட்டை இன்னொருவருக்குத் தெரிந்திருந்தது.