ஐந்தாவது பாயிண்ட்

அரையாண்டுத் தாள் திருத்தும்போது நான் அடித்த ஒரு வரி அது. அடித்தது சரிதான் என்று இன்றைக்கும் என்னால் வாதாட முடியும். வாதாடிக்கொண்டேதான் இருக்கிறேன், எதிரில் யாரும் இல்லாமல்.

பத்தாம் வகுப்பு, சமூக அறிவியல், வரலாற்றில் முதல் பாடம், முதல் உலகப் போர். வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் சரத்துகளை எழுதுக, ஐந்து மதிப்பெண். அந்தப் பிள்ளை நான்கு எழுதியிருந்தாள். போருக்கான பொறுப்பு ஜெர்மனி மேல். ராணுவம் ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடாது. அல்சேஸ்-லொரைன் பிரான்சுக்கு. சார் பள்ளத்தாக்கு நிலக்கரிச் சுரங்கங்களும் பிரான்சுக்கு. போர் இழப்பீட்டை விட்டுவிட்டாள். அதற்குரிய இடத்தில் 5 என்று எண் போட்டு, "இந்த உடன்படிக்கையில் செத்துப்போன சனங்களைப் பற்றி ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தாள்.

"சனங்கள்" என்று எழுதினாளா, "செத்துப்போனவர்கள்" என்று மட்டும் எழுதினாளா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. தாள் என்னிடம் இல்லை. சனங்கள் என்றுதான் மனதில் நிற்கிறது. அது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் தேர்வில் எழுதுகிற சொல் இல்லை என்பதால் நின்றிருக்கலாம். மண்டபம் இலங்கை அகதி முகாம் பிள்ளைகள் வகுப்பில் நம் பிள்ளைகளைப் போலத்தான் பேசுவார்கள். ஆனால் எப்போதாவது கையும் நாக்கும் வீட்டுப் பேச்சுக்குப் போய்விடும். "ஆமா சார்" என்று சொல்ல வந்து "ஓம் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

சிவப்புப் பேனாவால் ஒரே இழுப்பாக அடித்தேன். பேப்பர் மட்டம், லேசாகக் கிழிந்தது. ஓரத்தில் "பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதவும்" என்று எழுதி, நான்கு போட்டு வட்டமிட்டேன். அன்று இரவு மொத்தம் நாற்பத்திரண்டு தாள். அந்த வரியில் நான் செலவழித்தது பத்து விநாடிகூட இருக்காது.

இதில் என் பங்கு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பொதுத்தேர்வில் தாள் திருத்துகிறவர் கையில் விடைக்குறிப்பு இருக்கும். அதில் உள்ளது இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கட்டு என்று கணக்கு வைத்துத் திருத்துகிறவர், மண்டபத்திலிருந்து ஒரு பிள்ளை என்ன நினைத்து எழுதியிருக்கும் என்று யோசிக்கவா போகிறார்? முகாம் பிள்ளைகளுக்கு மார்க்கைவிட்டால் வேறு என்ன இருக்கிறது? இப்படித்தான் நான் எப்போதும் சொல்வேன். சொல்லி முடித்ததும் எனக்கே ஒன்று உறைக்கும். குடியுரிமை இல்லாமல் அரசு வேலைக்கு விண்ணப்பம்கூடப் போட முடியாத பிள்ளை அவள். அந்த ஒரு மார்க்கை வைத்து அவளை நான் எந்தக் கரையில் சேர்க்கப் பார்த்தேன்?

விடுமுறை முடிந்து தாள் கொடுத்த அன்று, வகுப்பு கலைந்த பிறகு வந்தாள்.

"இது தப்பா சார்?"

"தப்புன்னு சொல்லலம்மா. கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதணும்."

தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம், "யாரும் கேட்கலையே சார்" என்றாள்.

அவ்வளவுதான். தாளை நாலாக மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள். முகத்தில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். திட்டி அனுப்பியிருப்பேன், மறந்தும் போயிருப்பேன்.

யாரும் கேட்கலையே என்றால் என்ன அர்த்தம்? கேள்வித்தாளில் அது கேட்கப்படவில்லை, நீங்கள் சொல்வது சரிதான் சார் என்று ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாம். பதினைந்து வயதுப் பிள்ளை வாத்தியாரிடம் பேசும் முறை அதுதான். இல்லை, வேறு எதையோ சொன்னாளா? அந்தத் தொனியை எத்தனையோ தடவை எனக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஓட்ட ஓட்டத் தேய்ந்துபோய், இப்போது கேட்பது அவள் குரலா என் குரலா என்றே தெரியவில்லை.

அந்தப் பாடத்தை நான் மோசமாக நடத்துகிறவன் இல்லை. எம்டனில் ஆரம்பிப்பேன். "வீட்ல யாரையாவது எம்டன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா?" என்றால் பாதிக் கை உயரும். 1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்கிற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன கதையைச் சொன்னால் வலைக்காரர் வீட்டுப் பையன்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். கப்பல் என்றால் அவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. விளக்கை அணைத்துவிட்டு வந்ததா, எவ்வளவு தூரத்தில் நின்றது என்றெல்லாம் கேட்பார்கள். இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் தாண்டிப் போனதையும், அறுபதாயிரத்துக்கு மேல் செத்ததையும் சொல்வேன். ஊர் ஊருக்குக் கல் நட்டு, இங்கிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று வெள்ளைக்காரன் பொறித்து வைத்ததையும் சொல்வேன். பேர் கிடையாது, எண்ணிக்கை மட்டும்.

உடன்படிக்கைக்கு வந்ததும் வகுப்பு தூங்கிவிடும். தேதியை வைத்து எழுப்பப் பார்ப்பேன். 1914 ஜூன் 28, சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட நாள். சரியாக ஐந்து வருடம் கழித்து 1919 ஜூன் 28, வெர்செய்ல்ஸ் கண்ணாடி மண்டபத்தில் கையெழுத்து. கச்சத்தீவு ஒப்பந்தத்தில் டெல்லியில் கையெழுத்தானதும் 1974இல் அதே ஜூன் 28தான் என்பேன். இதை மட்டும் ஒருத்தரும் மறப்பதில்லை. அப்புறம் "நம்ம சார்பா வெர்செய்ல்ஸ்ல கையெழுத்துப் போட்டது யாரு தெரியுமா?" என்று கேட்டு, மாண்டேகு என்கிற ஆங்கிலேய மந்திரியும் பிகானேர் மகாராஜாவும் என்று நானே பதில் சொல்வேன். "செத்தவன் வீட்டுக்காரன் எவனையும் கூப்பிடலடா" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொள்வேன். பையன்கள் சிரிப்பார்கள்.

ஆக, விதை நான் போட்டதுதான். அவள் அதை எழுதியபோது அடித்தவனும் நான்தான்.

ஏப்ரலுக்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, உடன்படிக்கையின் ஆங்கில மூலத்தை எடுத்துப் படித்தேன். இருபது வருடமாக நடத்தும் பாடம், மூலத்தைத் திறந்தது அன்றுதான். மொத்தம் 440 பிரிவுகள். நான் தேடியது அவள் சொன்னது தப்பு என்பதற்கான ஆதாரத்தை, அதை மறைப்பானேன். கிடைக்கவும் செய்தது. பிரிவு 225 கல்லறைகளைப் பற்றியது. தங்கள் மண்ணில் புதைக்கப்பட்ட படைவீரர்கள், கடற்படையினர் கல்லறைகளை நேசநாட்டு அரசுகளும் ஜெர்மன் அரசும் மதித்துப் பராமரிக்க வேண்டும். படித்ததும் அப்படி ஒரு நிம்மதி. செத்தவர்களைப் பற்றி இருக்கிறதே! அவள் எழுதியது தகவல் பிழை. அடித்தது சரி.

அந்த நிம்மதி சாயங்காலம் வரை தாங்கியது. அவள் "சனங்கள்" என்று எழுதியிருந்தால்? பிரிவில் இருப்பது சிப்பாயும் மாலுமியும்தானே. மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். சனங்களும் வருகிறார்கள், இழப்பீட்டுப் பகுதியின் இணைப்பில். குண்டுவீச்சு போன்றவற்றில் குடிமக்கள் செத்ததும் காயப்பட்டதும் ஜெர்மனியிடம் கேட்கக்கூடிய நஷ்டங்களின் பட்டியலில் முதலாவதாக இருக்கிறது. கேட்கிறது அரசாங்கம், வாங்குவதும் அரசாங்கம். எல்லாவற்றையும் கூட்டி 1921இல் 13,200 கோடி தங்க மார்க் என்று தொகை போட்டார்கள். அதற்காக ஜெர்மனி வெளியிட்ட கடன் பத்திரங்களின் கடைசித் தவணை 2010 அக்டோபர் 3ஆம் தேதிதான் கட்டி முடிந்தது. 2010 என்றால் முள்ளிவாய்க்காலுக்கு அடுத்த வருடம். அங்கே கணக்கை முடித்துவிட்டார்கள். இங்கே எத்தனை பேர் என்ற கணக்கே முடியவில்லை. பொதுமக்கள் நாற்பதாயிரம் பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. இலங்கை அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பட்டியலில் ஏற்றக்கூட ஒருத்தரும் இல்லை.

பாருங்கள், ஒரு மார்க் விஷயத்தை எங்கே கொண்டுவந்துவிட்டேன். இதுவும் ஒரு தப்பித்தல்தானோ என்று தோன்றுகிறது. ஒரு பிள்ளையிடம் நடந்துகொண்டதை யோசிக்கச் சொன்னால், ஐரோப்பாவைப் பற்றி மணிக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மதிப்பெண் சான்றிதழ் வாங்க அவளுடைய அம்மம்மா வந்திருந்தார். அம்மா நண்டு கம்பெனிக்கும் அப்பா பெயிண்டிங் வேலைக்கும் போயிருந்தார்கள். அடையாள அட்டையில் ஒரு எழுத்து, எங்கள் பதிவேட்டில் ஒரு எழுத்து. ஏன் இப்படி என்று கேட்டேன். கேட்டது எழுத்துப் பிழையைப் பற்றித்தான்.

"அது ஐயா, ஒவ்வொரு முறை வரேக்கையும் ஒவ்வொரு மாதிரிப் பதிஞ்சு போட்டினம். எண்பத்தைஞ்சில ஒருக்கா வந்தனாங்கள். ஒப்பந்தம் முடிஞ்சுது, இனிப் பயமில்லை எண்டு சொல்லி எண்பத்தெட்டில கப்பல்ல ஏத்தி அனுப்பினவை. தொண்ணூறில திரும்பவும் வள்ளம் ஏறினனாங்கள்."

1987 ஜூலை 29, கொழும்பு, ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். தேதி என் வாயில் தயாராக இருந்தது. சொல்லவில்லை. அவர் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்த பழைய அட்டையை எடுத்து மேசையில் வைத்து, சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி விட்டார். நீவ நீவ அது மறுபடி சுருண்டது. நான் என் பேனாவை அதன் மேல் வைத்தேன். அன்று கையில் இருந்ததும் சிவப்புப் பேனாதான். ஆசிரியர்களிடம் வேறு என்ன இருக்கும்.

"வள்ளத்தில ஆரேனும்..." என்று ஆரம்பித்தார். வெளியே வரிசை நீண்டிருந்தது. "இந்த இடத்துல கையெழுத்துப் போடுங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். போட்டார். அழகான கையெழுத்து.

இதை வைத்துப் பேத்தி அந்த வரியை எழுதினாள் என்று முடிச்சுப் போட எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவும் நிச்சயமில்லை. ஐந்தாவது பாயிண்ட் மறந்துபோய், வெற்றிடம் விடக்கூடாது என்று ஏதோ ஒன்றை எழுதியிருக்கலாம். "எதையாவது எழுதி வைங்க, இடத்தைக் காலியா விடாதீங்க" என்று தேர்வுக்கு முதல் நாள் சொன்னவனும் நான்தானே. பொதுத்தேர்வில் அதே பாடத்திலிருந்து கேள்வி வந்தது. நன்றாக எழுதியிருக்க வேண்டும், சமூக அறிவியலில் தொண்ணூறைத் தாண்டிவிட்டாள். அப்படியானால் நான் அடித்ததில் பலன் இருந்திருக்கிறது. இருந்திருக்கிறதுதானே?

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இது அரைகுறை. அந்த வரியைப் படித்த உடனே எனக்கு விடைக்குறிப்பு நினைவுக்கு வரவில்லை. பயம்தான் வந்தது. வகுப்பில் முகாம் விஷயம் பேசினால் அது எங்கே போய் நிற்குமோ என்கிற, எங்கள் பக்கத்து அரசு ஊழியர்களுக்கெல்லாம் பழகிப்போன பயம். "இன்னைக்கு செக்கிங் சார்" என்று மாதத்தில் ஒரு நாள் அந்தப் பிள்ளைகள் வராதபோது, என்ன செக்கிங், யார் செய்கிறார்கள் என்று நான் கேட்டதே இல்லை. வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிடுவேன். பாடத்தில் உள்ளதை மட்டும் எழுதவும் என்பது அவளுக்காக எழுதியது மாதிரி இருக்கிறது. என் கையெழுத்துதான்.

இந்த வருடம் அதே பாடம் வந்தது. எம்டன், ஜூன் 28, பிகானேர் மகாராஜா எல்லாம் முடிந்து சரத்துகளைப் பலகையில் வரிசையாக எழுதினேன். இழப்பீட்டுக்குக் கீழே 6 என்று போட்டு, கல்லறைகள், பிரிவு 225 என்று எழுதினேன். சிப்பாய்க்கும் மாலுமிக்கும் மட்டும் என்று விளக்க வாயெடுத்தேன். அதற்குள் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சார், இது பப்ளிக்ல வருமா?" என்றான்.

"வராது" என்றேன்.

பேனா மூடிகள் மூடும் சத்தம் வரிசையாகக் கேட்டது. நானும் டஸ்டரை எடுத்து ஆறாவது வரியைத் துடைத்துவிட்டு, சார் பள்ளத்தாக்குக்குப் போனேன். "சார், சார் எங்க சார் இருக்கு?" என்று வழக்கம்போல ஒருத்தன் கேட்டான். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.