ராஜம் கிருஷ்ணனை நெட் தேர்வுக்குப் படித்தது

கல்லூரி உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் தமிழ்த் தாளுக்குப் படிக்கத் தொடங்கியபோது நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் எனக்கு வெறும் பட்டியல்தான். கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறி வாங்கி வந்த கையேட்டில் நாவல் பெயரும் விருதும் மட்டுமே இருந்தன. அதையே உருப்போட்டேன். மாதிரித் தேர்வில் 'பொருத்துக' வந்ததும் 'அலைவாய்க்கரையில்', 'கரிப்பு மணிகள்' இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டேன். முன்னது மீனவர் வாழ்வு, பின்னது தூத்துக்குடி உப்பளம்.

அப்புறம்தான் நாவலையே எடுத்தேன். 2009இல் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் பல நாவல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 'கரிப்பு மணிகள்' நாவலை ராத்திரியில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா நடவுக்கும் களையெடுப்பிற்கும் போகிறவர். உப்பளத்துப் பெண்களின் பாடு வந்தபோது, சேற்றுப்புண் ஆறாத தன் காலை ஒருமுறை தடவிக்கொண்டார். "அங்கயும் பொம்பளைக்குக் கூலி கம்மிதானா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியோடு மறுபடி முதலிலிருந்து படித்தேன். நாவலின் நாயகி பொன்னாச்சிக்கு உழைப்புச் சுரண்டல் ஒருபக்கம், வேலையிடத்து ஆண்களின் தொல்லை ஒருபக்கம், போதாததற்குக் குடும்பப் பாரம். குறிப்பேட்டில் 'பெண்ணியம்' என்று நான் எழுதி வைத்திருந்த சொல்லுக்கு அன்றுதான் பொருள் விளங்கியது.

அதன்பின் ஒவ்வொரு நாவலுக்கும் மூன்றே கேள்வி: எந்த மண், என்ன தொழில், பெண்ணுக்கு என்ன நெருக்கடி? 'குறிஞ்சித்தேன்' என்றால் நீலகிரி மலையில் வாழும் படகர் சமூகத்தினர். 'கூட்டுக் குஞ்சுகள்' சிவகாசித் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய குழந்தைகள். 'பாதையில் பதிந்த அடிகள்' மட்டும் பொறுமையாகப் படியுங்கள். இளம் விதவையான மணலூர் மணியம்மை கிராப்பு வெட்டி, வேட்டி கட்டி, தஞ்சை விவசாயக் கூலிகளைத் திரட்டிய உண்மைக் கதை அது.

வாழ்க்கைக் குறிப்பு சுருக்கமாகப் போதும்: 1925இல் முசிறியில் பிறப்பு, 15 வயதில் திருமணம், கல்லூரிப் படிப்பு இல்லை, 'வேருக்கு நீர்' நாவலுக்கு 1973இல் சாகித்ய அகாதெமி விருது, 2014இல் மறைவு. கூடவே, அந்தந்த ஊருக்கே போய் மக்களோடு பழகித் தகவல் திரட்டி எழுதியவர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கூற்றையும் அதற்கான காரணத்தையும் கொடுத்துச் சரியா என்று கேட்கும் 'கூற்று, காரணம்' வகை வினாக்களில் எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

தமிழ்ப் பாடத்துக்கான இரண்டாம் தாளில் 100 வினா, தவறுக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. தெரியாததையும் விடாமல் குறித்துவிட்டு வாருங்கள்.